ஹரிக்கேன் ஓய்ந்த பிறகு: இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்குவதும், வாசலுக்கு வரும் மோசடிக்காரர்களிடம் சிக்காமல் இருப்பதும்

2024-இல் ஃப்ளோரிடாவின் டாம்பா பக்கம் இருந்தவர்களுக்கு இதன் அவசியத்தைச் சொல்லவே வேண்டாம். செப்டம்பர் 26 இரவு ஹெலீன் என்ற ஹரிக்கேன் கரையேறியது எங்கோ வடக்கே, பெர்ரி என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஆனால் கடல் இங்கே வீட்டுக்குள் வந்தது. நனைந்த சோபாவும் மெத்தையும் தெருவோரத்தில் குவிந்து கிடக்கும்போதே, 13 நாள் கழித்து, நவராத்திரிக்கு நடுவில் அக்டோபர் 9 அன்று, மில்டன் என்ற அடுத்த ஹரிக்கேன் சியெஸ்டா கீயில் கரையேறிக் கூரைகளைப் பிய்த்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் டிராபிகானா ஃபீல்ட் மைதானத்தின் கூரையே கந்தலாகத் தொங்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரே வீடு, இரண்டு புயல், இரண்டு விதமான சேதம், அதற்கு இரண்டு தனித்தனி பாலிசி. அந்த வாரங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் "அண்ணா, எந்த கம்பெனிக்கு முதலில் போன் பண்ணணும்?" என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்களில் பாதி தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஃப்ளோரிடாவை வைத்துத்தான் பேசுகிறேன், டெக்சாஸில் எங்கே வேறுபடுகிறது என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். புயலுக்குப் பிறகு சில வேலைகளை அன்றைக்கே ஓடி ஓடிச் செய்ய வேண்டும்: படம் எடுப்பது, தண்ணீரை வெளியேற்றுவது, கம்பெனிக்குத் தகவல் சொல்வது. கையெழுத்துப் போடுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டும். மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வரட்டும் என்று ஈரக் கம்பளத்தை ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, மூன்றாம் நாளே வாசலில் வந்து நின்ற ஆளின் டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

உங்கள் பணம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி வெள்ளத்துக்குக் கொடுக்காது. கடல் பொங்கி உள்ளே வந்தாலும், ஆறு கரை தாண்டினாலும், மழைநீர் தெருவில் நிறைந்து கதவிடுக்கில் நுழைந்தாலும் அது வெள்ளக் கணக்குதான், அதற்குத் தனி பாலிசி வேண்டும். பெரும்பாலானவர்களிடம் இருப்பது அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா நடத்தும் தேசிய வெள்ள இன்ஷூரன்ஸ் திட்டத்தின் பாலிசி, சுருக்கமாக என்.எஃப்.ஐ.பி. வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். கடன் வாங்கும்போது பேங்க் கட்டாயப்படுத்தியதால் கட்டட பாலிசி மட்டும் எடுத்துவிட்டுப் பொருளுக்கு எடுக்காமல் விட்டவர்கள் ஏராளம், உங்களுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். புயல் செய்தி வந்த பிறகு எடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, வழக்கமாக 30 நாள் காத்திருப்பு உண்டு.

அதே மழைத் தண்ணீர், காற்று கூரையைப் பிய்த்த ஓட்டை வழியாகவோ உடைந்த ஜன்னல் வழியாகவோ உள்ளே வந்தால் அது காற்றுச் சேதம், வீட்டு பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கொக்கி இருக்கிறது: காற்று உண்டாக்கிய ஓட்டை வழியாக வந்தது என்று காட்ட முடிய வேண்டும். பழைய கூரையில் ஏற்கெனவே இருந்த ஒழுகல் என்று அவர்கள் எழுதிவிட்டால் அவ்வளவுதான். அதனால் டார்ப் என்ற தார்ப்பாயைப் போட்டு மூடுவதற்கு முன்னால் அந்த ஓட்டையை, பறந்துபோன ஷிங்கிளை (கூரை மேல் ஒட்டும் தகடு), அது விழுந்து கிடக்கும் இடத்தை எல்லாம் படம் எடுங்கள்.

போனில் புகார் கொடுக்கும்போது பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "மாஸ்டர் பெட்ரூம் சீலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டியது, இந்த நேரத்துக்குப் பார்த்தேன்" என்பது போதும். வீட்டு பாலிசிக்காரரிடம் பொத்தாம்பொதுவாக "வீடு ஃப்ளட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டால் அது பதிவாகி, பின்னால் அதையே காரணமாகக் காட்டி மறுக்கலாம். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. கூரைக்கு என்ன வயசு என்று ஊகித்துச் சொல்லாதீர்கள், வீடு வாங்கியபோது கொடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் இருக்கும்.

இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால், அதாவது கீழே வெள்ளம், மேலே கூரை, இரண்டு கம்பெனிக்கும் தனித்தனியாக கிளெய்ம் போடுங்கள். இரண்டு புயல் என்றால் ஒவ்வொரு புயலுக்கும் ஒரு தேதி, ஒரு கிளெய்ம் எண். ஹெலீன் படங்களையும் மில்டன் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டுக் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

முதல் இரண்டு நாள்

வீட்டுக்குள் போகும் முன் மின்சாரம், கேஸ் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் போனை எடுத்து வாசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், வாயால் சொல்லிக்கொண்டே. சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்ற கறைக்கோட்டின் பக்கத்தில் ஒரு டேப் அளவைப் பிடித்துப் படம். ஃபிரிட்ஜ், வாஷர், ஏசி, டிவி எல்லாவற்றின் பின்னால் இருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் எடுங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரி, எல்லாம் எடுத்தாச்சா, உடனே காய வைக்கும் வேலையைத் தொடங்குங்கள். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசியின்படி உங்கள் கடமை, அட்ஜஸ்டருக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் பூஞ்சைச் செலவை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். நனைந்த கம்பளத்தை வெட்டி எறியலாம், ஆனால் ஒரு கையகலத் துண்டை அறை பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். டிரைவால், தரைப்பலகை எல்லாவற்றுக்கும் இதே மாதிரி. டார்ப், விசிறி, டீஹியூமிடிஃபையர் வாடகை, பிளீச், ஜெனரேட்டர் பெட்ரோல் என்று எந்த ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கூரைக்கு டார்ப் போட ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போகும் முன், ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஆபரேஷன் ப்ளூ ரூஃப் உங்கள் கவுன்ட்டியில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் அது இலவசம். எல்லாவிதக் கூரைக்கும் போட மாட்டார்கள், நீங்களே குடியிருக்கும் வீடாகவும் இருக்க வேண்டும்.

பொருள்களின் பட்டியல் போடுவது அலுப்பான வேலை, அதில்தான் பணம் அதிகம் நழுவுகிறது. என்ன வாங்கினோம், எப்போது, என்ன விலை என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ரசீது இல்லையே என்று கவலைப்படாதீர்கள், அமேசான், காஸ்ட்கோ, ஹோம் டிப்போ கணக்குகளில் பழைய ஆர்டர் எல்லாம் கிடக்கும், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் இருக்கும். நம் வீடுகளுக்கு இன்னொரு நல்ல சாட்சி உண்டு: கொலுப் படங்கள். வருஷா வருஷம் வரவேற்பறையை எல்லாக் கோணத்திலும் எடுத்துக் குழுவில் போட்டிருப்போம், பின்னணியில் சோபா, டிவி, தரை, திரைச்சீலை எல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கும். குழந்தையின் பிறந்தநாள் வீடியோ, கிரகப்பிரவேச ஆல்பம் எல்லாமே இதற்கு உதவும். பட்டுப் புடவைகளையும் தயங்காமல் பட்டியலில் சேருங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றும் என்ன விலை என்று அட்ஜஸ்டருக்கு எப்படித் தெரியும்? நகை மட்டும் வேறு கதை. என்.எஃப்.ஐ.பி. பாலிசியில் நகை, கலைப்பொருள் போன்றவை எல்லாம் சேர்த்தே 2,500 டாலர்தான். புயல் வரும்போது தங்கத்தைக் கையோடு எடுத்துப் போய்விடுங்கள்.

டிடக்டிபிள் என்ற அதிர்ச்சி

டிடக்டிபிள் என்பது சேதத்தில் கம்பெனி கொடுக்காமல் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை. "என் டிடக்டிபிள் ஆயிரம் டாலர்தானே" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பாலிசியின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஹரிக்கேன் டிடக்டிபிள் என்று தனியாக எழுதியிருக்கும், அது பெரும்பாலும் சதவீதம்: 2, 5, அல்லது 10. சேதத்தில் இத்தனை சதவீதம் என்று நினைக்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்திருக்கும் காப்பீட்டுத் தொகையில் சதவீதம். 4,00,000 டாலருக்கு எடுத்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கைக்காசு. 5 சதவீதம் என்றால் 20,000. பிரீமியம் குறைகிறதே என்று 5 சதவீதத்தை எடுத்தவர்கள் புயலுக்குப் பிறகு என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஃப்ளோரிடாவில் ஒரு நல்ல சட்டம் உண்டு, பலருக்குத் தெரியாது. ஹரிக்கேன் டிடக்டிபிள் ஒரு காலண்டர் வருஷத்துக்கு ஒரு முறைதான். முதல் புயலில் 5,000 டாலர் சேதம், உங்கள் டிடக்டிபிள் 8,000 என்றால் பைசா வராது, அதனால் யாரும் கிளெய்ம் போடுவதில்லை. போட வேண்டும். அதே கம்பெனியின் பாலிசியில், அதே வருஷம் இன்னொரு ஹரிக்கேன் வந்தால், அந்த 5,000 கழிந்து மிச்சம் 3,000தான் பாக்கி. அந்த மிச்சத்தையோ உங்களுடைய சாதாரண டிடக்டிபிளையோ, எது அதிகமோ அதைத்தான் பிடிக்கலாம். முதல் சேதத்தைத் தெரிவிக்காமல், ரசீதும் வைக்காமல் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. ஹெலீனில் வந்தது வெள்ளம் மட்டும் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, வெள்ள பாலிசியின் டிடக்டிபிள் தனி.

அட்ஜஸ்டர் வருகிறார்

அட்ஜஸ்டர்களில் மூன்று வகை. கம்பெனியின் சொந்த ஊழியர் ஒருவர், கம்பெனி கூலிக்கு அமர்த்தும் இன்டிபென்டன்ட் அட்ஜஸ்டர் ஒருவர். பேரைப் பார்த்து நடுநிலையானவர் என்று நம்பிவிடாதீர்கள், அவருக்கும் சம்பளம் கம்பெனிதான். மூன்றாவது, நீங்கள் பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் பப்ளிக் அட்ஜஸ்டர்.

பெரிய புயலுக்குப் பிறகு வேறு மாநிலங்களிலிருந்தெல்லாம் அட்ஜஸ்டர்கள் வந்து இறங்குவார்கள், நாளைக்கு எத்தனை வீடு முடிக்க முடியுமோ அத்தனை. உங்கள் வீட்டில் முக்கால் மணி நேரம் நிற்பார். அதனால் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அறைவாரியான சேதப் பட்டியல் ஒரு பிரதி, படங்கள் ஒரு லிங்க், ரசீதுகள். கூடவே நடங்கள். அவர் பரணில் ஏறாவிட்டால் ஏறச் சொல்லுங்கள், இன்சுலேஷன் நனைந்திருந்தால் அது வெளியே தெரியாது. அவர் பேர், லைசென்ஸ் எண் குறித்துக்கொள்ளுங்கள். போனில் யாரோடு பேசினாலும் பிறகு ஒரு சின்ன மின்னஞ்சல்: இன்றைக்கு இன்னாரிடம் பேசினேன், இதைச் சொன்னார். இந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ வக்கீல் செலவு மிச்சம்.

அவர்கள் போடும் மதிப்பீடு பெரும்பாலும் எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் வரும், வரி வரியாக. ஃப்ளோரிடாவில் விவரமான மதிப்பீடு தயாரானதும் 7 நாளுக்குள் உங்களுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். உட்கார்ந்து படியுங்கள். அறையின் அளவே தப்பாக இருக்கும், ஒரு படுக்கையறையே விட்டுப் போயிருக்கும், பெயின்ட் இருக்கும் ஆனால் அதற்கு முன் சாமான்களை நகர்த்தும் கூலி இருக்காது. உள்ளூர் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் ஒருவரிடம் அதே மாதிரி வரி வரியான மதிப்பீடு வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வித்தியாசம் என்று எழுதி அனுப்புங்கள். "இந்தப் பணம் பத்தாது" என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "12-ஆவது வரியில் 140 சதுர அடி என்று போட்டிருக்கிறீர்கள், அறை 196" என்று எழுதினால் பதில் வரும்.

முதல் செக் சின்னதாக வந்தால் பதறாதீர்கள். கூரையும் பொருளும் எத்தனை வருஷம் பழசோ அதற்குத் தேய்மானம் கழித்துத்தான் முதலில் கொடுப்பார்கள், புதிதாக மாற்ற ஆகும் விலையைத் தரும் பாலிசியாக இருந்தால் மீதி வேலை நடக்க நடக்க வரும். வெள்ள பாலிசியில் பொருள்களுக்கு எப்போதுமே தேய்மானம் போகத்தான், அதில் மீதி என்ற பேச்சே இல்லை. செக்கை பேங்கில் போட்டால் கிளெய்ம் முடிந்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. வழக்கமாக முடியாது, ஆனால் செக்கோடு வரும் கடிதத்தில் முழுமையான, இறுதியான தீர்வு என்ற மாதிரி வாசகமோ, கையெழுத்துக் கேட்கும் விடுவிப்புப் பத்திரமோ இருந்தால் நிறுத்தி யாரிடமாவது காட்டுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் செக்கில் உங்கள் பேரோடு பேங்கின் பேரும் இருக்கும். இது எல்லோருக்கும் எரிச்சலான கட்டம். இன்ஷூரன்ஸ் செக்குகளைக் கவனிக்கும் பேங்கின் லாஸ் டிராஃப்ட் பிரிவுக்குப் போன் செய்து என்னென்ன தாள் வேண்டும் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகை என்றால் அவர்கள் பிடித்து வைத்து, வேலையைச் சோதித்துத் தவணை தவணையாக விடுவார்கள். இதைக் காண்ட்ராக்டரிடம் முன்னாலேயே சொல்லி ஒப்பந்தத்தில் அதற்கேற்பத் தவணை போடாவிட்டால், நடுவில் வேலை நின்றுவிடும்.

தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். 2022 டிசம்பரில் ஃப்ளோரிடா சட்டத்தை மாற்றியது: புதிய கிளெய்முக்கு சேதம் நடந்த நாளிலிருந்து 1 வருஷம், கூடுதல் சேதம் பிறகு தெரிந்தால் 18 மாதம். கம்பெனி தகவல் வந்த 7 நாளுக்குள் பதில் தர வேண்டும், 60 நாளுக்குள் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். வெள்ள பாலிசியில் சேத உறுதிப் பத்திரத்தை 60 நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும், சில பெரிய புயல்களுக்குப் பிறகு ஃபீமா இந்தக் கெடுவை நீட்டியிருக்கிறது. பணம் உடனே தேவை என்றால் வெள்ள பாலிசியில் முன்பணம் கேட்கலாம், அட்ஜஸ்டர் வருவதற்கு முன்பே 5,000 டாலர் வரை. படமும் ரசீதும் காட்டினால் 20,000 வரை. கேட்டால்தான் கிடைக்கும், தானாக யாரும் நீட்ட மாட்டார்கள்.

வெளியே தங்க வேண்டியிருந்தால் ஹோட்டல், கூடுதல் சாப்பாட்டுச் செலவு எல்லாம் வீட்டு பாலிசியில் பெரும்பாலும் உண்டு, வெள்ள பாலிசியில் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அபார்ட்மென்ட்காரரின் இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்குத்தான், உங்கள் லேப்டாப்புக்கு இல்லை.

வாசலில் வந்து நிற்பவர்கள்

மரம் விழுந்து மறுநாள் காலையிலேயே டிரக்கில் வந்துவிடுவார்கள். சிலர் உண்மையான உழைப்பாளிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேறு மாநில நம்பர் பிளேட், புத்தம்புது பேனர், "பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறோம், உங்கள் கூரையை இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம்" என்று ஆரம்பித்தால் கவனம். மேலே ஏறியவர் கீழே வரும்போது கொண்டுவரும் படம் உங்கள் கூரையுடையது என்று எப்படித் தெரியும்? நல்லா இருந்த ஷிங்கிளைக் கையாலேயே மடக்கி உடைத்துப் படம் எடுக்கும் ஆட்களும் உண்டு. தெரியாதவரை ஏணி போட விடாதீர்கள்.

அடுத்து டேப்லெட் வரும். "பார்க்க அனுமதிதான், ஒரு கையெழுத்து." நீங்கள் பார்ப்பது கையெழுத்துக் கட்டம் மட்டும், அதன் பின்னால் இருப்பது பல பக்க ஒப்பந்தம்: இன்ஷூரன்ஸ் பணம் எவ்வளவு வந்தாலும் வேலை முழுவதும் இவருக்கே, நடுவில் விலகினால் அபராதம். முன்பெல்லாம் கிளெய்ம் உரிமையையே எழுதி வாங்கிக்கொள்வார்கள், ஃப்ளோரிடாவில் அந்த ஏற்பாட்டால் வழக்குகள் மலையாகக் குவிந்து, 2023 ஜனவரி 1 முதல் கொடுக்கப்பட்ட பாலிசிகளில் அது செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது அதற்குப் பதிலாக டைரக்ஷன் டு பே என்ற தாளை நீட்டுகிறார்கள், பணத்தை நேராக அவருக்கே அனுப்பச் சொல்லும் தாள் அது. வேலை முடியும் முன்னால் அதில் கையெழுத்துப் போட்டால் கையில் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும்.

"டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கறோம்" என்றால் அங்கேயே பேச்சை முடியுங்கள். ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் அது சட்டவிரோதம், கம்பெனிக்குக் கூடுதல் பில் போட்டுத்தான் அவர் அதைச் சரிக்கட்டுவார், அந்தப் பொய் பில் போகும் கிளெய்ம் உங்கள் பேரில். "உங்கள் கம்பெனியோடு நானே பேசி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் கூரைக்காரருக்கும் அந்த உரிமை கிடையாது, கிளெய்ம் பேரம் பேச பப்ளிக் அட்ஜஸ்டர் லைசென்ஸ் வேண்டும்.

ஃப்ளோரிடாவில் காண்ட்ராக்டர் லைசென்ஸை மைஃப்ளோரிடாலைசென்ஸ் தளத்தில் பேரைப் போட்டுப் பார்த்துவிடலாம். டெக்சாஸில் கூரை வேலைக்கு மாநில லைசென்ஸே கிடையாது, அதனால் அங்கே உள்ளூர் முகவரி, இன்ஷூரன்ஸ் சான்றிதழ், பழைய வாடிக்கையாளர்கள் என்று விசாரிப்பதைத் தவிர வழியில்லை. சான்றிதழை அவர் கையிலிருந்து வாங்காமல் அவருடைய இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடமிருந்து நேராக வரவழையுங்கள். பெர்மிட்டை உங்கள் பேரில் எடுக்கச் சொல்லும் காண்ட்ராக்டருக்குப் பெரும்பாலும் லைசென்ஸில் ஏதோ கோளாறு. முன்பணம் 10 சதவீதத்தைத் தாண்டினால், ஃப்ளோரிடா சட்டப்படி அவர் 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெர்மிட் கிடைத்த 90 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். என் கணக்கில் 10-ஐத் தாண்டவே கூடாது. ரொக்கம், ஸெல் என்ற பணம் அனுப்பும் ஆப், கிஃப்ட் கார்டு எதுவும் வேண்டாம், செக் அல்லது கிரெடிட் கார்டு.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். நீங்கள் காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்திருப்பீர்கள், அவர் ஷிங்கிள் கொடுத்த கடைக்குக் கொடுத்திருக்க மாட்டார். அந்தக் கடைக்காரர் தன் பாக்கிக்காக உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது சட்டப்படியான பாத்தியதை, போடலாம். ஒவ்வொரு தவணைக்கும் பொருள் கொடுத்தவர், துணைக் காண்ட்ராக்டர் எல்லோரிடமிருந்தும் லீன் ரிலீஸ் தாளை வாங்கிக்கொண்டு பிறகு செக்கை நீட்டுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பப்ளிக் அட்ஜஸ்டர் வேண்டுமா? சின்ன சேதத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பெரிய சேதம், கம்பெனி இழுத்தடிக்கிறது, உங்களுக்கு நேரமில்லை என்றால் நல்லவர் ஒருவர் கிடைத்தால் பயன்தான். ஃப்ளோரிடாவில் ஆளுநர் அவசரநிலை அறிவித்த புயல் என்றால் முதல் வருஷத்தில் அவருடைய கட்டணம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, டெக்சாஸிலும் உச்சவரம்பு 10. ஞாயிற்றுக்கிழமையோ இரவு 8 மணிக்கு மேலோ வந்து ஆள் பிடிக்க ஃப்ளோரிடா சட்டம் அவரை அனுமதிப்பதில்லை, அப்படி வந்தாலே அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். கம்பெனி முதல் மதிப்பீட்டைத் தரும் வரை பொறுத்திருங்கள், அவர்களே சரியாகக் கொடுத்துவிட்டால் அதில் 10 சதவீதத்தை எதற்கு இழக்க வேண்டும்?

ஃபீமா பேரில் வரும் ஆட்கள், ஃபீமாவின் உண்மையான உதவி

ஃபீமா எதற்கும் கட்டணம் வாங்காது. விண்ணப்பம், வீட்டைப் பார்ப்பது, அப்பீல் எல்லாமே இலவசம். ஃபீமா என்று எழுதிய சட்டையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், படம் ஒட்டிய அடையாள அட்டையைக் கேளுங்கள். உண்மையான இன்ஸ்பெக்டரிடம் உங்கள் 9 இலக்கப் பதிவு எண் ஏற்கெனவே இருக்கும், உங்களிடம் பேங்க் விவரம் கேட்க மாட்டார். சந்தேகம் வந்தால் 1-800-621-3362 என்ற ஃபீமா எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். மோசடி என்று உறுதியானால் கத்ரீனா ஹரிக்கேனுக்குப் பிறகு தொடங்கிய தேசியப் பேரிடர் மோசடி மையத்தின் எண் 1-866-720-5721.

ஹெலீனுக்குப் பிறகு, ஃபீமா தரும் 750 டாலர் கடன், திருப்பிக் கட்டாவிட்டால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு வதந்தி ஓடியது. அது அவசரத் தேவைக்கான மானியம், திருப்பித் தர வேண்டியதில்லை. அதே சமயம், இன்ஷூரன்ஸ் கொடுத்ததையே ஃபீமா மறுபடி கொடுக்காது. அதனால் முதல் கடிதம் நிராகரிப்பு போல வரும், பல நேரம் அதன் பொருள் இன்ஷூரன்ஸ் முடிவுக் கடிதத்தை அனுப்புங்கள் என்பது மட்டுமே. அப்பீலுக்கு 60 நாள்.

நம்மவர்களுக்கு முக்கியமான இடம் இது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஃபீமாவின் பண உதவி கிடையாது. குடிமக்கள், க்ரீன் கார்டு உள்ளவர்கள் போன்றோருக்குத்தான். ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பேரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் தகுதி பற்றிய உறுதிமொழி ஒன்று வரும், அதில் உங்களைப் பற்றித் தப்பான கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் பின்னால் க்ரீன் கார்டு வரைக்கும் தொந்தரவு. "நானே நிரப்பித் தரேன், 100 டாலர் கொடுங்க" என்று கிளம்பும் புண்ணியவான்களிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சாப்பாடு, தங்குமிடம் போன்ற அவசர உதவிக்கு விசா நிலை கேட்பதில்லை. உங்கள் இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

மறுத்துவிட்டால்

காரணத்தையும் பாலிசியின் எந்த வரி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முழு பாலிசியின் சான்றளித்த பிரதியையும் கேளுங்கள். ஃப்ளோரிடா நிதிச் சேவைத் துறையின் உதவி எண் 1-877-693-5236, அவர்கள் மூலம் சமரசப் பேச்சுக்குப் போகலாம், அதன் செலவு கம்பெனியுடையது. வக்கீலுக்குப் போவதற்கு முன் இதை முயலுங்கள், ஏனென்றால் 2022 சட்டத்துக்குப் பிறகு நீங்கள் ஜெயித்தாலும் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனி தரும் என்ற பழைய நிலை இல்லை. வெள்ள பாலிசி மறுப்புக்கு வழி வேறு: 60 நாளுக்குள் ஃபீமாவுக்கு அப்பீல், அல்லது மறுப்புக் கடிதத்திலிருந்து 1 வருஷத்துக்குள் ஃபெடரல் நீதிமன்றம்.

வெள்ளப் பகுதியில் பழுது செலவு வீட்டுக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வீட்டை உயர்த்தினால்தான் பெர்மிட் என்று நகராட்சி சொல்லும். அதற்காகவே வெள்ள பாலிசியில் 30,000 டாலர் வரை தனிப் பிரிவு உண்டு, நகராட்சியின் சேதக் கடிதத்தோடு அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

காரைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் கவரேஜ் (மோதல் அல்லாத சேதத்துக்கானது) இருந்தால் வெள்ளச் சேதம் அதில் வரும். உப்புத் தண்ணீர் ஏறிய எலக்ட்ரிக் காரை கராஜுக்குள் வைக்கவே வேண்டாம், இயன் ஹரிக்கேனுக்குப் பிறகும் ஹெலீனுக்குப் பிறகும் அப்படிச் சில கார்கள் தீப்பிடித்தன. இனி உதவாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒதுக்கிவிட்ட கார்களில் சில, கழுவித் துடைத்து, வேறு மாநிலத்தில் வெள்ளக் குறிப்பு இல்லாத சுத்தமான டைட்டில் (உரிமைப் பத்திரம்) வாங்கி, சில மாதம் கழித்து விற்பனைக்கு வரும். புதிதாக வந்திறங்கிய மாணவர்கள் மலிவு என்று வாங்குவது பெரும்பாலும் இந்த மாதிரி வண்டியைத்தான். இன்ஷூரன்ஸ் மோசடியைக் கண்காணிக்கும் அமைப்பான என்.ஐ.சி.பி. தளத்தின் வின்செக்கில் காரின் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டால் இலவசமாகப் பார்க்கலாம். அதில் வராதவையும் உண்டு என்பதால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்பேர் டயர் இருக்கும் குழியையும் திறந்து பாருங்கள்.